தரையில் படுத்த சம்பந்தி

மெர்டேக்கா என்கிற சுதந்திர நாளுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தபோது காஜா பெராங் ஊர் முழுக்கக் காய்ச்சலில் படுத்தது. சிங்கப்பூரிலிருந்து ரயிலேறி வந்ததாகச் சிலர் சொன்னார்கள், ஹாங்காங்கிலிருந்து கப்பலேறி வந்ததாகச் சிலர் சொன்னார்கள். எதில் ஏறி வந்தாலும், வந்த பிறகு ஒரு வீட்டையும் விடாமல் உள்ளே நுழைந்தது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். ஊர்வலத்துக்குப் பாட்டுப் பழகிக்கொண்டிருந்த பிள்ளைகள் போர்வைக்குள் சுருண்டுவிட்டார்கள். கோயில் பூசாரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே தீபம் காட்டினார். சாப்பிட்டாயா என்று கேட்பதை ஊரே மறந்து, எறங்கிருச்சா என்று கேட்கப் பழகியிருந்தது.

காய்ச்சலே வராத ஆள் ஒருவர் இருந்தார். பஸ் செக்கர் வேலாயுதம். அவருக்கு வந்தது வேறு.

வேலாயுதத்தைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய மரியாதையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவனையே, "ஐயா, கொஞ்சம் எறங்கிக்கிறீங்களா?" என்று கேட்கிற மனுஷன். வயதில் மூத்தவர் யாராவது வாசலில் தலையைக் காட்டினால் போதும், வாயில் இருக்கிற சோற்றை விழுங்குவதற்குள் எழுந்து நின்றுவிடுவார். "முழுங்கிட்டு எந்திரிச்சா மரியாத கொறஞ்சிருமா?" என்று அவர் மனைவி தெய்வானை கேட்காத நாளில்லை. அவளுக்கு நாக்கில் உப்பு கொஞ்சம் தூக்கல். அவரை அவர் போக்கில் விட்டால் மற்றவர்கள் ஏமாற்றிப் பிழைத்துவிடுவார்கள் என்பது அவள் கட்சி. அது பெரும்பாலும் சரியாகவும் இருந்தது.

ஒரு நாள் காலை ஜாலான் பெண்டஹாரா பக்கம் பஸ் போய்க்கொண்டிருந்தபோது நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது அவருக்கு. பஸ்ஸை நிறுத்தினால் பயணிகளுக்குச் சிரமம் என்று அடுத்த நிறுத்தம் வரை கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்து, அங்கே இறங்கி, பெச்சா வண்டி பிடித்து வீட்டுக்கு வந்து சேர்ந்தார். சட்டை முழுக்க வேர்வை. பக்கத்து வீட்டு பாக்கியம் ஓடி வந்தாள். அவள் சிட்டிக் குடும்பத்துப் பெண். கும்பிடுவது மாரியம்மனை, பேசுவது மலாய். காற்று உள்ளே போய்விட்டது என்று சொல்லி மருந்து எண்ணெயைச் சூடு பறக்க முதுகில் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தவள் அவர் முகத்தைக் குனிந்து பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள்.

"புக்கான் ஆங்கின், தெய்வானை," என்றாள். இது காற்றில்லை. "பிகி ஹொஸ்பிட்டல். செப்பாட்."

வேகமாகப் போ என்றால் போய்விட முடிகிற காலமா அது? ஆஸ்பத்திரி வாசலில் காய்ச்சல்காரர்களின் வரிசை ரோடு வரை நீண்டிருந்தது. சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோரும் ஒரே மாதிரி இருமினார்கள். வேலாயுதம் வரிசையின் கடைசியில் போய் நின்றார். தெய்வானை முன்னால் போய்க் கத்தலாம் என்று கிளம்பினால், அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"நமக்கு முன்னால வந்தவங்க இருக்காங்க."

"அவங்களுக்கெல்லாம் மூக்கு ஒழுவுது. உங்களுக்கு மூச்சே வரல."

"அதெல்லாம் வருது. சும்மா நில்லு."

அவர் பேச்சைக் கேட்டு அவள் நின்றாள். அந்த ஒரு தடவை கேட்டது அவளுக்குப் பிறகு எவ்வளவோ நாள் நெஞ்சை அறுத்தது. வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு அவர் அப்படியே மடங்கி உட்கார்ந்தார். அப்புறம் அவள் யாரையும் கேட்கவில்லை. கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், டாக்டர் மாணிக்கவாசகத்தின் வெள்ளைக் கோட்டைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

டாக்டர் சிரம்பான் பக்கத்து யாழ்ப்பாணத்துக்காரர். தூங்கி எத்தனை நாளாயிற்றோ, கண் இரண்டும் சிவந்திருந்தது. குழலை வைத்துக் கேட்டவர் உடனே ஊசி போட்டார். வேலாயுதத்தை நாலு பேர் தூக்கி, வார்டில் ஒரு ஓரத்து இரும்புக் கட்டிலில் கிடத்தினார்கள். அதற்குப் பிறகுதான் டாக்டர் தெய்வானையைக் கூப்பிட்டார்.

"இருதயத்திலே அடைப்பு, அம்மா. இதுக்கு மருந்தென்று பெரிசாக ஒன்றுமில்லை. படுக்கைதான் மருந்து. ஒன்றரை மாதம் மல்லாந்து கிடக்கோணும். எழும்பக் கூடாது, இருக்கக் கூடாது. தண்ணிக் கோப்பையைக்கூட அவர் தன்ர கையால தூக்கக் கூடாது. விளங்கினதோ?"

"வெளங்குது, டாக்டர். ஆனா அவர யாரு பாத்துக்குவாங்க?"

டாக்டர் வார்டைத் திரும்பிப் பார்த்தார். மற்ற நாளாக இருந்தால் இப்படிப்பட்ட நோயாளிக்கென்றே மிஸ்ஸி என்று ஒரு நர்ஸ் இருப்பாள். ஊட்டிவிட, திருப்பிப் போட, எழுந்தால் அதட்ட. இப்போது மிஸ்ஸிகளில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். மீதிப் பேர் ஓட்டமும் நடையுமாக இரண்டு வார்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காய்ச்சல் பரவும் என்று வெளியாட்கள் யாரையும் உள்ளே விடுவதில்லை என்று உத்தரவும் போட்டிருந்தார்கள்.

"நீங்கள் பகலிலே வாங்கோ. நான் சொல்லி வைக்கிறன். பொழுதுபட்டால் போயிட வேணும்."

அப்படித்தான் தெய்வானை தன் புருஷனுக்கு மிஸ்ஸி ஆனாள். மகள் கோகிலாவைப் பாக்கியத்தின் பொறுப்பில் விட்டுவிட்டுக் காலையில் கஞ்சியோடு வருவாள். கரண்டியால் ஊட்டுவாள். அவர் தோள் கொஞ்சம் உயர்ந்தால் ஒரே அமுக்கு. டாக்டர் வரும்போதெல்லாம் அவர் உடம்பு தானாக எழப் பார்க்கும். "படுத்த வாக்குல கும்பிடுங்க, போதும்," என்பாள். படுத்துக்கொண்டே கும்பிடுவது அவருக்கு என்னவோ அம்மணமாக இருப்பது போல் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கும்பிட்டார்.

இரண்டாம் நாளே அவர் அந்தப் பேச்சை எடுத்தார்.

"சம்பந்தி வீட்டுக்கு என்னன்னு சொல்லிவிட்ட?"

"இன்னும் சொல்லல."

"ஃப்ளூன்னு சொல்லு."

தெய்வானை கரண்டியைக் கிண்ணத்தில் போட்டாள். கோகிலாவுக்கும் பத்து பெரெண்டாம் ஊர்ப் பொன்னுதுரையின் மகன் ஜெயபாலனுக்கும் பரிசம் போட்டாகிவிட்டது. ஆவணியில், மெர்டேக்கா கொண்டாட்டம் முடிந்த கையோடு, கல்யாணம். ஜெயபாலன் வாத்தியார் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தான், தங்கமான பையன். அவன் அப்பா பொன்னுதுரையும் மோசமானவரில்லை, ஆனால் வியாதி என்றால் காத தூரம் ஓடுவார். மூத்த மகனுக்குப் பேசி முடித்த பெண்ணின் தகப்பனாருக்குக் காசநோய் என்று காதில் விழுந்ததும், பந்தல்கால் நடுகிற வாரத்தில் வேண்டாமென்று சொல்லி அனுப்பியவர். கோகிலாவைப் பெண் பார்க்க வந்தபோதும், நகையைப் பற்றிக் கேட்காமல், "உங்க பக்கம் யாருக்காச்சும் ஏதாச்சும் வியாதி உண்டா?" என்றுதான் கேட்டார்.

"பொய்யா சொல்லச் சொல்றீங்க?"

"ஊருக்கே ஃப்ளூ. எனக்கும் ஃப்ளூன்னா யாரு சந்தேகப்படப் போறாங்க? நெஞ்சு வியாதின்னா வெரல விட்டு ஆட்டுவாங்க, தெய்வான. நாளைக்கு இந்தப் புள்ளைக்கும் வரும்பாங்க. அது வாழ்க்கைய நான் படுக்கையில இருந்துக்கிட்டே கெடுக்கணுமா?"

அவர் குரல் உயர்ந்ததும் மூச்சு வாங்கியது. அவள் அவர் நெஞ்சைத் தடவிக்கொடுத்தாள். சரி சரி, ஃப்ளூதான் என்றாள். அன்றைக்கே சொல்லியும் அனுப்பினாள். ஆஸ்பத்திரிக்குள் யாரையும் விடாததும் நல்லதாகப் போயிற்று. சம்பந்தி வந்து எட்டிப் பார்ப்பாரே என்ற பயமில்லை. காய்ச்சல் ஒரு கையால் அடித்துவிட்டு இன்னொரு கையால் அணைக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் போல ஓடியது. வேலாயுதத்தின் முகத்தில் ரத்தம் திரும்பியது. டாக்டர்கூட ஒரு நாள் சிரித்தார். அதற்குள் கட்டில்கள் தீர்ந்துவிட்டன. இரண்டு கட்டில்களுக்கு நடுவில் தரையில் பாய் போட்டு ஆட்களைக் கிடத்தினார்கள். ஒரு நாள் காலை, நல்ல காய்ச்சலில் கண் மூடிக் கிடந்த ஒருவரை இரண்டு அட்டெண்டன்கள் தூக்கி வந்து, வேலாயுதத்தின் கட்டிலை ஒட்டித் தரையில் இருந்த பாயில் இறக்கினார்கள்.

பொன்னுதுரை.

வேலாயுதத்தின் முழங்கை மெத்தையில் ஊன்றியது. தெய்வானை பாய்ந்து தோளை அமுக்கினாள்.

"விடுடி. சம்பந்தி தரையில கெடக்கறாரு."

"கெடக்கட்டும். நீங்க அசையாதீங்க."

மாப்பிள்ளையின் அப்பா வெறுந்தரையில், பெண்ணின் அப்பா அவர் தலைக்கு மேலே கட்டிலில் கால் நீட்டிக்கொண்டு! எந்த ஊரில் நடக்கும் இது? கல்யாணப் பந்தியில் சம்பந்திக்கு ஒரு அப்பளம் உடைந்து போனாலே பத்து வருஷம் பேசுகிற ஜனம் நாம். தெய்வானைக்கும் உள்ளுக்குள் குறுகுறுத்தது. உடனே அட்டெண்டனிடம் போய், இன்னொரு கட்டில் கிடைக்குமா, வேறு வார்டுக்கு மாற்ற முடியுமா என்று கெஞ்சினாள். அவன் சிரித்தான். வீட்டுக்கு ஓடி, இருந்த ஒரே பஞ்சு மெத்தையையும் இரண்டு தலையணையையும் பெச்சாவில் ஏற்றி வந்து பாய்மேல் விரித்தாள். அவர் வீட்டிலும் எல்லோருக்கும் காய்ச்சல், பார்க்க ஆளில்லை. ஆகவே ஒரு வாய் இவருக்கு, ஒரு வாய் அவருக்கு என்று ஊட்டினாள்.

மத்தியானத்துக்கு மேல் பொன்னுதுரைக்குக் கொஞ்சம் தெளிந்தது. நிமிர்ந்து பார்த்தார்.

"அட, சம்பந்தி! இன்னுமா உங்களுக்கு எறங்கல?"

"இந்தா... எறங்கிக்கிட்டே இருக்குங்க," என்றார் வேலாயுதம்.

"மன்னிச்சுக்குங்க, சம்பந்தி," என்று தெய்வானை குறுக்கே புகுந்தாள். "எந்திரிக்கக் கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்கார்."

"பரவால்ல தங்கச்சி. ஆஸ்பத்திரியில என்ன மேல, கீழ." சொன்னவர் அவள் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். "கஞ்சியக்கூட ஊட்டி விடறியா? குடுத்து வெச்சவருதான் சம்பந்தி. ஒரு காய்ச்சலுக்கே மாப்ள முறுக்கா?"

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் வேலாயுதம் அதற்குப் பிறகு கஞ்சிக்கு வாயைத் திறக்கவில்லை. இன்னொரு கரண்டி வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தெய்வானைக்கு அந்த முகம் பிடிபட்டது. அவர் காதருகே குனிந்தாள்.

"சொல்லிடட்டுமா?"

அவர் தலையை ஆட்டினார். வேண்டாம்.

"அப்படின்னா எனக்கு வாக்குக் குடுங்க. நான் போனதுக்கப்புறம் எறங்க மாட்டேன்னு."

"போய்ட்டு வா. புள்ள தனியா இருக்கும்."

அது வாக்கில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மிஸ்ஸியைத் தேடிப் பிடித்து, அவர் எழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லப் பார்த்தாள். இருந்த ஒரு மிஸ்ஸியும் யாரோ ஒருவருக்கு ரத்த வாந்தி என்று அடுத்த வார்டுக்கு ஓடியிருந்தாள். அதற்குள் அவள் போக வேண்டிய நேரமென்று காவற்காரன் மணியடித்தான்.

மறுநாள் காலை கஞ்சிப் பாத்திரத்தோடு வந்தவள் வார்டு வாசலிலேயே பார்த்துவிட்டாள். கட்டிலில் பொன்னுதுரை. கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வாய் பிளந்து, நல்ல தூக்கம். கீழே மெத்தையில் வேலாயுதம், கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் சிரித்தார். பாஸாகிவிட்டதை வீட்டில் சொல்ல வந்த பிள்ளையின் சிரிப்பு. முகம் மட்டும் சாம்பல் பூத்திருந்தது.

"ராத்திரி ரொம்ப நடுங்குனாரு, தெய்வான. பார்க்க முடியல. எனக்கு ஒண்ணும் செய்யல. நல்லாத்தான் இருக்கேன்."

பாத்திரம் அவள் கையிலிருந்து எப்போது விழுந்ததென்று தெரியாது. பொன்னுதுரை திடுக்கிட்டு விழித்தார்.

"எறங்குங்க சம்பந்தி," என்றாள். "தயவு செஞ்சு எறங்குங்க. அது அவரு கட்டிலு."

"தெய்வான!" என்றார் வேலாயுதம்.

"நீங்க பேசாதீங்க! பேசுனது போதும்!" வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "அவருக்குக் காய்ச்சலே இல்ல, சம்பந்தி. ஹார்ட்டு. நெஞ்சடைப்பு. அசையக்கூடக் கூடாத ஆளு. உங்ககிட்ட பொய் சொன்னோம். கல்யாணத்த நிறுத்தணும்னா நிறுத்திக்குங்க. இப்ப எறங்குங்க!"

வேலாயுதம் அவளைப் பார்த்த பார்வை, நடுச் சபையில் அறை வாங்கியவரின் பார்வை. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். பொன்னுதுரை கட்டிலிலிருந்து உருண்டு விழாத குறையாக இறங்கினார். காய்ச்சல் உடம்பு ஆடியது. சம்பந்தியின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கப் போனார். அதற்குள் டாக்டர் ஓடி வந்து, "தொட வேண்டாம்! ஒருத்தரும் அசைக்க வேண்டாம்!" என்று கத்தினார்.

டாக்டர் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து குழலை வைத்தார். வலி திரும்பியிருந்தது. ஊசி போட்டார். நாடியைப் பிடித்துப் பார்த்தார். பிறகு, கிடக்கிற இடத்திலேயே கிடக்கட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, தன்னைக் கூப்பிடுகிற அடுத்த ஆளிடம் போனார். அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவர் ஒருவர், காய்ச்சல் ஆயிரம்.

ஒரு பக்கம் தெய்வானை உட்கார்ந்திருந்தாள். இன்னொரு பக்கம் சிமெண்டுத் தரையில் பொன்னுதுரை, கம்பளிகூட இல்லாமல், பல் கிட்டிக்க நடுங்கிக்கொண்டு. கட்டிலுக்குப் போங்க என்று மிஸ்ஸி வந்து அதட்டியும் அவர் ஏறவில்லை. ஒரு கட்டிலுக்காக வராந்தாவில் ஆட்கள் காத்துக் கிடந்த ஆஸ்பத்திரியில், அந்தக் கட்டில் மத்தியானம் வரை காலியாகவே இருந்தது. மத்தியானம் வேலாயுதம் போய்விட்டார்.

தெய்வானை அழவில்லை. சொந்தக்காரர்கள் வந்து கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தபோதும் அழவில்லை. அவளுக்கு அவர்மேல் அவ்வளவு கோபம் இருந்தது. மரியாதைக்குச் சாகிறவன் ஒருவன் உண்டா? மகள் கல்யாணத்தைப் பார்க்காமல் போவதுதான் மகளுக்குச் செய்கிற நல்லதா? அடுப்படியில், கிணற்றடியில், படத்துக்கு முன்னால், எங்கே நின்றாலும் அவரைத் திட்டினாள். முட்டாள் மனுஷா, முட்டாள் மனுஷா என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. கோகிலா அதைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொள்வாள்.

கருமாதி முடிந்த பிறகு பொன்னுதுரை வந்தார். காய்ச்சல் அவரைப் பாதியாக்கியிருந்தது. நாற்காலியில் உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். கல்யாணத்தைத் தள்ளி வைத்து, வருஷம் திரும்பியதும் நடத்திவிடலாம், செலவெல்லாம் தங்கள் பக்கம் என்றார். பையனும் அதையேதான் சொல்கிறான் என்றார். தெய்வானை சரியென்றாள். அதற்குப் பிறகும் அவர் எழுந்து போகவில்லை.

"அன்னிக்கு ராத்திரி அவரு உங்ககிட்ட என்ன சொன்னாரு?" என்று அவள்தான் கேட்டாள்.

"தனக்குச் சுத்தமா எறங்கிருச்சு, நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிருவாங்க, இனிமே கட்டிலு எனக்கெதுக்குன்னாரு. நான் வேணாம்னேன். கேக்கல. என்னய அக்குளுல கையக் குடுத்துத் தூக்கி ஏத்துனதே அவருதான், தங்கச்சி." பொன்னுதுரை நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தார். "மெத்தையில படுத்ததும் அசந்து தூங்கிட்டேன். அவ்வளவு நாள்ல அன்னிக்குத்தான் நல்லாத் தூங்குனேன்."

கோகிலா உள் கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். தெய்வானை அவளைப் பார்க்கவில்லை.

"இன்னொண்ணு கேக்கறேன், சம்பந்தி. என் மனசு ஆறணும்னு எதையாச்சும் சொல்லாதீங்க. உள்ளத சொல்லுங்க. மொத நாளே ஹார்ட்டுன்னு சொல்லிவிட்டிருந்தா, இந்தக் கல்யாணத்த நிறுத்தியிருப்பீங்களா?"

பொன்னுதுரை வாயைத் திறந்தார். சேச்சே என்று சொல்லத்தான் திறந்திருப்பார். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"நிறுத்தியிருப்பேன், தங்கச்சி," என்றார்.

தெய்வானை தலையசைத்தாள். அவள் புருஷன் சம்பந்தியைச் சரியாகத்தான் தெரிந்து வைத்திருந்தார். பொய் சொல்லியிருக்காவிட்டால் அவர் பிழைத்திருப்பார், மகள் கல்யாணம் நின்று வீட்டோடு இருந்திருப்பாள். அது இரண்டும் தெரிந்துதான் அவர் அன்றைக்கு, சொல்லிடட்டுமா என்று அவள் கேட்டபோது, தலையை ஆட்டியிருக்கிறார். திட்டுவதற்கு இனி அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

"அது அவருக்குத் தெரியும்," என்றாள். சொன்னவள் அங்கேயே, சம்பந்திக்கு முன்னால், தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.